மல்லிகாவின் நூற்று முப்பது கோகோ மரங்கள்

திருவண்ணாமலைக்கு மலை சுற்றப் போவார்கள், தீபம் பார்க்கப் போவார்கள், மனசு சரியில்லை என்று போவார்கள். நான் சாக்லேட் விஷயமாகப் போனேன். 2008 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினேன். கோகோ தோப்புக்குப் போய் வந்தேன் என்று போன பதிவில் ஒரே ஒரு வரி எழுதியதற்கே, எப்படிப் போவது, எங்கே தங்குவது, உள்ளே விடுவார்களா என்று ஏழெட்டுப் பேர் மடல் போட்டிருந்தீர்கள். அதனால் பஸ் கட்டணம் முதல் கால் வலி வரை எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஏன் போனேன் என்பது. நான் பெரம்பூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். செய்கிறேன் என்று சொல்வது ஒரு தைரியம்தான். கடையில் கட்டியாக வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றி, ஜிகினாத் தாளில் சுற்றுவேன், அவ்வளவுதான். மே மாதம் என் நாத்தனார் திருவண்ணாமலை போய்விட்டு வந்து ஓர் உருண்டையைக் கையில் கொடுத்து, "இது நிஜமாவே கொட்டையிலிருந்து செஞ்சது. உன்னோடது மாதிரி உருக்கி ஊத்தினது இல்ல" என்றாள். நாத்தனார் சொல்லி விட்டுவிட முடியுமா? வாயில் போட்டேன். பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. தாளில் "இயற்கை கோகோ, சூடு படாதது, விவசாயியிடமிருந்து நேரடியாக" என்று எழுதியிருந்தது. இவ்வளவு நல்ல விஷயங்களைச் சேர்த்து இவ்வளவு மோசமாக ஒன்றை எப்படிச் செய்ய முடியும் என்று எனக்கு ஒரே கோபம். கூடவே, கோகோ காயை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்ற வெட்கமும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் என்னை பஸ் ஏற்றின.

கோயம்பேட்டில் காலை 6.10க்கு பஸ். கட்டணம் 68 ரூபாய். திண்டிவனம், செஞ்சி வழி, சுமார் 190 கிலோமீட்டர். செஞ்சியில் பத்து நிமிடம் நிற்கும்; அங்கே தேநீர் சுமார், சுண்டல் நன்றாக இருந்தது. இடது பக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், செஞ்சி வரை வெயில் முகத்திலேயே அடிக்கும். 11.25க்கு திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன்.

ரமணாசிரமம் பக்கம் போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர் "அறுவது குடுங்க" என்றார். மூன்று கிலோமீட்டருக்கு அறுபதா என்று நான் ஆரம்பித்தேன்.

"ஃபாரினருங்கல்லாம் நூறு குடுக்கறாங்க மேடம்."

"என்னைப் பாத்தா ஃபாரினர் மாதிரியா இருக்கு? நான் பெரம்பூர்."

"பெரம்பூரா? எங்க சகல வூடு அங்கதான் கீது. சரி, நாப்பது குடுங்க, ஏறுங்க."

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் அறை கிடைத்தது. ஒரு நாளைக்கு 250 ரூபாய், மின்விசிறி உண்டு, வெந்நீர் இல்லை, அந்த வெயிலில் தேவையும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டாம் என்று வீட்டுக்காரர் மூன்று முறை சொன்னார். நான் அலட்சியமாக இருந்தேன். என் இரண்டு வாழைப்பழமும் ஒரு தலைவலித் தைலமும் குரங்குக்குப் போயின. தைலத்தை அது என்ன செய்ததோ தெரியவில்லை.

நாலு மணிக்கு அந்த உருண்டையைச் செய்து விற்கிற கஃபேக்குப் போனேன். தகரக் கூரை, எட்டு ஸ்டூல், சுவரில் பெரிய போர்டு. அதில் நாத்தனார் கொண்டுவந்த தாளில் இருந்த அதே வாசகம். நடத்துகிறவர் மார்த்தா என்ற இத்தாலிக்காரர். ஐம்பது வயது இருக்கும். நூல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறாராம். தமிழை மார்க்கெட்டில் காய் விற்கிற பெண்களிடம் கற்றிருக்கிறார் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். "உங்க உருண்டை நாக்க இழுக்குதுங்க" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். "உக்காருங்க."

இப்படிச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? உட்கார்ந்தேன். அவர் ஒரு கோகோ கொட்டையை எடுத்து, கத்தியால் நீளவாக்கில் பிளந்து என் முன் வைத்தார். உள்ளே சிலேட்டுப் பலகையின் நிறம்.

"நல்லா புளிக்க வெச்ச கொட்டைன்னா உள்ள ப்ரவுனா, வெடிப்பு வெடிப்பா இருக்கும். இது பாருங்க. கசப்பு ஜாஸ்தி, வாசன கம்மி. இங்கருந்து பதினாலு கிலோமீட்டர்ல ஒரு வெவசாயி, அவரும் அவரு பொண்டாட்டியும் போடறாங்க. ரொம்ப நல்லவங்க. எப்படிப் புளிக்க வெக்கணும்னு தமிழ்ல எழுதியே குடுத்தேன். ஆறு நாள் வாழ எலையில மூடி வெக்கறோம்னு சொல்றாங்க. பொய் சொல்றவங்க இல்ல. ஆனா ரெண்டு தடவையும் இப்படியே வந்துச்சு."

மூன்றாவது மூட்டை மறுநாள் தயாராகிறதாம். அதுவும் இப்படியே இருந்தால் கேரளாவிலிருந்து வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை, வாடிக்கையாளர்கள் ஒரு வாய் கடித்து மீதியை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றார். "நான் நிறுத்திட்டா அவங்க மரத்த வெட்டிடுவாங்க. நூத்தி முப்பது மரம்ங்க. எனக்குத் தூக்கமே வரல."

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. நாளை நானும் வரலாமா என்று கேட்டேன். தான் எப்போதும் மூன்று மணிக்கு மேல்தான் போவது, காலையில் தியானமும் சமையலும் இருக்கிறது, நீங்கள் வேண்டுமானால் காலையிலேயே போய்க் காய் உடைப்பதைப் பாருங்கள் என்று வழி சொல்லி, அவர்களுக்கு போனும் பண்ணிவிட்டார்.

சனிக்கிழமை காலை 7.05க்கு ஆசிரமம் நிறுத்தத்தில் செங்கம் பக்கம் போகும் டவுன் பஸ். ஐந்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். இறங்கியதும் வடக்கே இரண்டு கிலோமீட்டர் நடை. ஊர்ப் பெயரை எழுதவில்லை. கேமராவோடு திடீர் திடீரென்று வருகிறவர்களால் மாடு மிரள்கிறது, எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். வழியெல்லாம் கடலைக் கொல்லை. எட்டே கால் மணிக்கு ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று நின்றுவிட்டது.

கோகோ காய் கிளையில் தொங்காது, தெரியுமா? தண்டிலேயே, முழங்கால் உயரத்தில்கூட, ஒட்டவைத்த மாதிரி முளைத்திருக்கிறது. மஞ்சள், பச்சை, கொஞ்சம் சிவப்பு. தென்னைக்குக் கீழே வரிசையாக நூற்று முப்பது மரம், காலடியில் கணுக்கால் வரை சருகு. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்க வேண்டும், பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"பெரம்பூரக்காவா? மார்த்தாம்மா போன் பண்ணாங்க. வாங்க, வாங்க."

அதுதான் மல்லிகா. முப்பத்தெட்டு வயது, சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. புருஷன் ஏழுமலை கொஞ்சம் தள்ளி நின்று தொரட்டியால் தென்னை மட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னார், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி ஆட்கள் வந்து கன்று கொடுத்து, காய்த்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார்களாம். ஏழுமலைக்கு இஷ்டமில்லை. மல்லிகாதான் ஒற்றைக் காலில் நின்று நட்டிருக்கிறார். காய்த்தது, வாங்குகிறேன் என்றவர்கள் வரவில்லை. "ஒரு ஊருக்கு மட்டும் வண்டி வுட்டா கட்டாதுன்னுட்டாங்க" என்றார் ஏழுமலை. அப்புறம்தான் மார்த்தா வந்தது.

மருந்தே அடிப்பதில்லையா என்று கேட்டேன். வேப்பங்கொட்டைக் கரைசலும் மாட்டு மூத்திரமும்தான் என்றார் மல்லிகா. ஏழுமலை திரும்பாமலே, "சருவு வாரல, மருந்து அடிக்கல, உரம் போடல. முன்னல்லாம் இதுக்கு சோம்பேறித்தனம்னு பேரு. இப்ப இயற்கைங்கறாங்க" என்றார். "அந்த சோம்பேறித்தனத்தயாவது ஒரு நாள் நீ செஞ்சியா?" என்று மல்லிகா கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காய் உடைப்பதைப் பார்த்தேன். கத்தி வைப்பதில்லை, கொட்டையில் வெட்டு விழும். கட்டை மேல் ஓங்கி ஒரு தட்டு, காய் இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள், ஒரு காய்க்கு முப்பது நாற்பது இருக்கும். ஒன்றை வாயில் போட்டுச் சப்பச் சொன்னார். சீதாப்பழத்தில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. ஒன்று என்று ஆரம்பித்து ஒன்பது சாப்பிட்டேன்.

அடுத்துதான் அது நடந்தது. கொட்டைகளை அன்னக்கூடையில் அள்ளி, மல்லிகா பம்ப்செட் தொட்டிக்குக் கொண்டுபோனார். இரண்டு கை சாம்பலைத் தூவி, அந்த வெள்ளைச் சதை முழுக்கப் போகும் வரை தேய் தேய் என்று தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினார். பளிச்சென்று சுத்தமான கொட்டைகளை ஒரு துணியில் பரப்பி என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"எப்பவுமே இப்படிக் கழுவுவீங்களா?"

"பின்ன? இந்த ஊரு பூராவும் கத்திரி வெத, சொர வெத, பாவக்கா வெத எல்லாம் எங்கிட்டதான் வாங்கிகினு போவாங்க. கொட்டன்னா சாம்பல்ல பொரட்டி, வழவழப்பு போற வரைக்கும் கழுவி, நெழல்ல ஒலத்தணும்க்கா. இல்லன்னா பூசணம் புடிச்சிரும். அதுவும் இது மார்த்தாம்மா கடைக்கிப் போவுது. சாமி கும்புட்டுட்டு வந்து சாப்புடறவங்க. அழுக்கோட குடுக்கலாமா?"

எனக்கு உள்ளே என்னவோ உறுத்தியது. ஆனால் நான் யார்? கட்டியை உருக்கி ஊற்றுகிறவள். கோகோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் படித்ததுதான். இருந்தாலும் இட்லி மாவு இருபது வருடமாக அரைக்கிறேனே, புளிப்பது என்றால் என்னவென்று தெரியும். "எலையில மூடி வெச்சதும் கொட்ட சூடாகுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சூடாவணும்? ஜில்லுன்னு இருக்கும். நல்ல நெழலா பாத்துதான் வெச்சிகினு இருக்கேன்."

கூட்டிப்போய்க் காட்டினார். வாழை இலைக்குள், அடுத்த மூட்டைக்கான கொட்டைகள் குளிர்ந்து கிடந்தன. ஆறு நாளாம். வாசனையே இல்லை.

திரும்பி வரும்போது மாட்டுக்கொட்டகை மூலையிலிருந்து ஒரு வாடை வந்தது. புளித்த வாடை, கள் மாதிரி. ஏழுமலை ரகசியமாக ஏதோ வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன், மரியாதைக்குப் பேசாமல் இருந்தேன். ஆனால் முகம் மாறியது மல்லிகாவுக்கு. "அது ஒண்ணும் இல்லக்கா, வாங்க" என்று அவசரப்படுத்தினார். ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு என்னால் எப்படி வர முடியும்? கோணியை விலக்கிப் பார்த்தேன். ஒரு பழைய மூங்கில் கூடை நிறைய கோகோ கொட்டை, சதையோடு, பழுப்பேறி, நசநசவென்று. கையை விட்டேன், சட்டென்று இழுத்துக்கொண்டேன். அப்படி ஒரு சூடு.

"அணில் கடிச்ச காயிக்கா" என்றார் மல்லிகா. "தெனம் ஏழெட்டு காய ஓட்ட போட்டுடுது. மிச்சம் இருக்கற கொட்டைய தூக்கிப் போட மனசு வரல. எச்சிய நல்லதோட சேத்துத் தொட்டியில கழுவக் கூடாதுன்னு இப்டியே போட்டுக் கௌறி வுட்டுடறேன். நாலஞ்சு நாளு போனா கயித்துக் கட்டில்ல காய வெச்சி டப்பால போட்டுடுவேன். யாருக்கும் குடுக்கறதில்ல."

டப்பாவைக் கேட்டேன். பிஸ்கட் டப்பா, முக்கால் அளவுக்குக் காய்ந்த கொட்டை. ஒன்றை எடுத்து அரிவாள்மனையில் பிளந்தேன். உள்ளே நல்ல பிரவுன் நிறம், வெடிப்பு வெடிப்பாக. இன்னொன்று பிளந்தேன், அதுவும் அப்படியே. வாயில் போட்டு மென்றேன். கசப்புதான், ஆனால் நாக்கு இழுக்கவில்லை. கசப்புக்குப் பின்னால் நிஜமான சாக்லேட் இருந்தது.

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அந்த வெள்ளைச் சதைதான் புளிப்பது, அது புளித்துச் சூடானால்தான் கொட்டை உள்ளுக்குள் மாறும், அதைக் கழுவிவிட்டால் ஆறு நாள் இல்லை ஆறு மாதம் மூடி வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று. மல்லிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஒரு வருசமா கெட்டுப்போனது எங்கையாலதானா?"

அப்போதுதான் முழு விஷயமும் சொன்னார். மரமே சரியில்லை, இந்த மண்ணுக்கு இது ஆகாது என்று ஏழுமலை சொல்ல, மரம் நல்ல மரம் என்று இவர் சண்டை போட, ஒரு வருடமாக வீட்டில் இதே பேச்சு. இன்றைக்கு மூட்டை தேறாவிட்டால் அவ்வளவுதான். கோகோவை வெட்டிவிட்டு வாழை போட, திங்கட்கிழமைக்கு ஆறு பேரைச் சொல்லி வைத்திருந்தார் ஏழுமலை.

"அப்ப இத மார்த்தாகிட்ட காட்டிடுங்க."

"ஐயோ, வேணாங்கா. அணில் எச்சிய டப்பால சேத்து வெச்சிகினு இருக்கா பாருன்னு நெனைக்க மாட்டாங்களா? இவரு வேற, உன் லட்சணத்துக்கு மரத்துக்காகப் பேச வந்துட்டன்னு கேப்பாரு. நீங்க சொல்லிடாதீங்கக்கா. எம்மேல சத்தியமா சொல்லிடாதீங்க."

சத்தியம் வாங்கிக்கொண்டுவிட்டார். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், என் வாயில் ஒரு விஷயம் அரை மணி நேரம் தங்கினால் அதிகம். அன்றைக்கு ஐந்து மணி நேரம் தாங்கினேன். மத்தியானம் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். ருசியாக இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

மூன்று பத்துக்கு மார்த்தா மொபெட்டில் வந்தார். ஏழுமலை மூன்றாவது மூட்டையைத் தூக்கி வந்து பிரித்தார். மார்த்தா கண்ணை மூடிக்கொண்டு வெவ்வேறு ஆழத்திலிருந்து பத்துக் கொட்டைகள் எடுத்து வரிசையாக வைத்துப் பிளந்தார். பத்தும் சிலேட்டு நிறம்.

மார்த்தாவின் கண் கலங்கிவிட்டது. ஏழுமலை மூட்டையின் வாயை மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். "பரவால்லீங்கம்மா. நீங்க இன்னா பண்ணுவீங்க? திங்கக்கெழம ஆள் சொல்லிட்டேன்" என்றார். நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன், அப்படி ஒரு சோதனை எனக்கு எப்போதும் வந்ததில்லை. வாயைத் திறந்தால் ஒரு சத்தியம் போகும், மூடினால் நூற்று முப்பது மரம் போகும்.

மல்லிகா எழுந்து உள்ளே போனார். அழப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிஸ்கட் டப்பாவோடு வந்தார். மார்த்தாவின் முன் வைத்து, "இதயும் வெட்டிப் பாருங்க" என்றார்.

முதல் கொட்டை பிளந்ததும் மார்த்தா நிமிர்ந்தார். இரண்டாவது, மூன்றாவது. "இது எங்கருந்து வந்துச்சு? யாரு மரம்?"

"நம்ம மரந்தான். அணில் கடிச்சது. எச்சின்னு கழுவாம போட்டு வெச்சேன்" என்றார் மல்லிகா. பிறகு ஏழுமலையைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னார். "மரத்து மேல தப்பு இல்ல. நாந்தான் கழுவிக் கழுவிக் கெடுத்துட்டேன். திட்டறதுன்னா என்னத் திட்டு, மரத்த வுட்டுடு."

மார்த்தா அதற்குள் ஒரு கொட்டையை வாயில் போட்டுவிட்டார். "ஐயோ எச்சிம்மா, துப்புங்க!" என்று மல்லிகா பதற, அவர் கண்ணை மூடி மென்றுகொண்டே இருந்தார். ஏழுமலை மூட்டைக் கயிற்றை விட்டுவிட்டு வந்து தானும் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"அணில் கடிச்ச கொய்யான்னா மொத ஆளா நீதான் தின்னுவ. இது மட்டும் எச்சியா?" என்றார்.

"நான் தின்னா சரி. அடுத்தவங்களுக்குக் குடுக்கலாமா?"

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கொட்டகைக் கூடையில் கையை விட்டுப் பார்த்த மார்த்தாவுக்கு முகம் வாடிவிட்டது. "சூடு ஜாஸ்தியா இருக்கே. சூடு படாததுன்னு போர்டுல எழுதிருக்கேனே. அதுக்காகத்தான் பாதிப் பேரு வர்றாங்க."

"நாங்க ஒரு நெருப்பும் காட்டலீங்கம்மா" என்றார் ஏழுமலை. "எருக்குழியில கைய வுட்டுப் பாருங்க, அதுவுந்தான் சுடும். அத யாரு பத்த வெச்சாங்க? அதுவா ஆவுற சூடுங்க அது."

மார்த்தா சிரித்துவிட்டார். "சரி. மரத்த வெட்டறதவிட போர்ட மாத்தறது சுலபம். நெருப்பு காட்டாததுன்னு எழுதிக்கறேன்." சிரித்து முடித்ததும் அவரே சொன்னார்: "பதினஞ்சு தடவ வந்திருக்கேன், போட்டோ எடுத்திருக்கேன். ஒரு தடவகூட காலையில வந்து காய் உடைக்கறத பாக்கல. பாத்திருந்தா மொத வாரமே தெரிஞ்சிருக்கும். உங்க தப்பு இல்ல மல்லிகா." மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாலு பேரும் உட்கார்ந்து காய் உடைத்தோம். இந்த முறை அணில் தொடாத முழுக் காய்கள், கழுவாமல் அப்படியே புதுக் கூடையில், வாழை இலை போட்டு. மல்லிகாவின் கை இரண்டு முறை தன்னால் தொட்டிப் பக்கம் போனது. இரண்டு முறையும் மார்த்தா கூடையைப் பிடித்து இழுத்தார். பிரித்த மூட்டையை என்ன செய்வது என்று கேட்டபோது, அதை வறுத்து, பானகப் பொடியில் கலந்து பார்க்கிறேன் என்று மார்த்தாவே எடுத்துக்கொண்டார்.

கிளம்பும் முன் ஏழுமலையிடம் தனியாகக் கேட்டேன், அப்போது திங்கட்கிழமை வெட்டு கிடையாதே என்று.

"ஆள் சொல்லிட்டங்க. வேலன்னு கூப்ட்டு வந்தவங்கள சும்மா திருப்பி அனுப்பக் கூடாது. அப்பறம் கடல புடுங்க கூப்ட்டா ஒருத்தன் வர மாட்டான். கூடையில போட்டது தேறுதோ இல்லையோ, அது தெரியறதுக்கே ரெண்டு வாரம் ஆவும். பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. மல்லிகாவிடம் என் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு 6.20 பஸ்ஸைப் பிடித்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கே பெரிய கோயிலுக்குப் போனேன், நாற்பது நிமிடத்தில் தரிசனம். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. 10.45க்கு பஸ், நாலு மணிக்கு கோயம்பேடு. மூன்று நாளில் பஸ், ஆட்டோ, அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஆயிரத்துக்குள் முடிந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பௌர்ணமி ஒட்டிய மூன்று நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அறையும் கிடைக்காது, பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. தோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கஃபேயில் கேட்டு, அவர்கள் போன் பண்ணிச் சரி என்றால் மட்டும் போங்கள். முழுக்கை உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், தென்னந்தோப்புக் கொசு பகலிலும் கடிக்கும். சருகுக்குள் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, முடிந்தால் காலை எட்டு மணி வாக்கில் போய்விடுங்கள், வேலை நடப்பது அப்போதுதான். கேட்காமல் ஆலோசனை சொல்லாதீர்கள். நான் சொன்னேன், ஏதோ சரியாகப் போய்விட்டது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நேரடியாக வாங்கியது, இயற்கையானது, நியாயமானது என்று தாளில் அச்சடிப்பது ரொம்ப எளிது. மார்த்தா நல்லவர், மல்லிகா நல்லவர், இருவர் சொன்னதும் உண்மை. இருந்தும் ஒரு வருடம் வீணாகத்தான் போனது. ஒருவர் எழுதிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார், இன்னொருவர் மரியாதையினால் கேட்காமல் இருந்தார். நான் கட்டி வாங்குகிற கடையில் அந்தக் கோகோ எந்த ஊரிலிருந்து வருகிறது என்று இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. அதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு சாக்லேட்டைத் தீய்த்தேன். சாயங்காலம் ஆறரைக்கு மணி அடித்தது.

"அக்கா, ஆளுங்க வந்துட்டாங்கக்கா. காலையில ஆறு மணிக்கே. ஆறு பேரு, கோடாலியோட."

"அப்புறம்?"

"வந்தவங்கள சும்மா அனுப்ப முடியுமா? சோறு போட்டேன். கோடாலியெல்லாம் அங்கியே வெச்சிட்டு வாங்கன்னு கடப்பாறையக் குடுத்தேன். கெணத்துக்கு மேக்கால காலி எடம் கீது இல்ல? நாப்பது குழி தோண்டிட்டுப் போனாங்க. கோகோ கன்னு இப்ப எங்க கெடைக்கும்னு உங்க கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லுங்கக்கா."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"அவரா? குழிக்குக் குழி எத்தன அடி வுடணும்னு கயிறு புடிச்சி அளந்து குடுத்ததே அவருதான்."